தெரியாதம்மா

அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தெரியாதம்மா. கேட்டால் கிண்டல் மாதிரி இருக்கும். கிண்டல்தான். ஆனால் அதைச் சொல்லும்போது ஒருவர் முகத்திலும் விஷம் இருக்காது. பெற்ற பிள்ளையைச் செல்லமாகக் கழுதை என்று கூப்பிடுவார்களே, அப்படி.

ஊரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளின் அழுக்கெல்லாம் அந்த ஆலைக்குத்தான் வரும். ரத்தம் படிந்த விரிப்பு, மருந்து வாடை அடிக்கும் போர்வை, அறுவை அறையின் பச்சைத் துணி, எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு பக்கம் டிரம்களில் சுழன்று, இன்னொரு பக்கம் நீராவி ரோலரில் நசுங்கி, மடித்து அடுக்கி, வெள்ளை வெளேரென்று திரும்பிப் போகும். இதற்கெல்லாம் மேலாளர் என்று ஒரு மனிதர் இருந்தார். டிரம்மில் சத்தம் மாறுது சார் என்றாலும், கூரை ஒழுகுது சார் என்றாலும், அவரிடம் ஒரே பதில்தான். "எல்லாம் எனக்குத் தெரியும், நீ வேலையைப் பாரு." அவருக்கு என்னதான் தெரிந்ததோ, தன் நெஞ்சு அடைத்துக்கொண்டு வருவது மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் நாற்காலியிலேயே சரிந்தார். உயிர் பிழைத்துக்கொண்டார், வேலைக்குத் திரும்பவில்லை.

தலைமை அலுவலகம் அவசரத்துக்கு ஓர் ஆளைத் தேடியது. மடிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அவளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. கதவில் பலகை மாட்டினார்கள். மேலாளர் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொறுப்பு என்று போட்டிருந்தது. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திரு என்பதை இவ்வளவு கௌரவமாகச் சொல்ல நம் மொழியால்தான் முடியும். ஆலையின் பொறுப்பு முழுவதும் அவள் தலையில் இருந்தது. பலகையில் மட்டும் அது அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

அதே மாதத்தில்தான் புருஷன் போனான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கொஞ்ச நாள் தனியாக இருக்கணும் என்றான். எப்ப வருவீங்க என்று கேட்டாள்.

"எனக்கே தெரியாது," என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் முகம் அப்படி வாடிப் போயிருந்தது. பாவம், மனசு சரியில்லை போலிருக்கிறது என்று அவளே அவன் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்து அனுப்பினாள். அடிப் பைத்தியக்காரி! அவன் அதற்கு முன்பே வேறு வீடு பார்த்து, திரைச்சீலை வரைக்கும் மாட்டிவிட்டிருந்தான். திரைச்சீலையைத் தேர்ந்தெடுத்தவள் வேறொருத்தி. ஆலையில் பாதிப் பேருக்குத் தெரிந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

இந்த லட்சணத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. விரிப்பெல்லாம் பழுப்படித்து வருகிறதாம். வேறு ஆலையைப் பார்க்கப் போகிறார்களாம். அவள் எல்லோரையும் ரோலருக்குப் பக்கத்தில் கூட்டினாள். எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு அவளுக்குப் பொய் சொல்லக்கூட உடம்பில் தெம்பில்லை.

"துணி ஏன் பழுப்படிக்குதுன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. ஒருத்தருக்கும் தெரியலேன்னா சேர்ந்து உக்காந்து பாப்போம்."

டிரம்காரர் காதைக் குடைந்துகொண்டார். மேலாளர் நாற்காலியிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்லை. அப்புறம் என்ன, சந்தைக்கடைதான். டிரம்காரர் சோப்பைக் குறை சொன்னார். கொதிகலன்காரர் தண்ணீரைக் குறை சொன்னார். நீராவி அக்கா இருவரையும் குறை சொன்னாள். கத்தி ஓய்ந்த பிறகு வேலையில் இறங்கினார்கள். ஒரு தடவை சோப்பு அளவை மாற்றிப் பார்த்ததில் மூட்டை மூட்டையாகத் துணி நாசமானது. அதற்கும் அவள் யாரையும் திட்டவில்லை, ஆஸ்பத்திரிக்கு அவளே போய் மன்னிப்புக் கேட்டாள். மறுபடி மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள், ஒரு நாள் துணி வெளுத்தது. அன்றைக்கு டிரம்காரர் வைத்த பெயர்தான் தெரியாதம்மா.

நீராவி அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோலர் பிரிவு அவள் கையில் இருந்தது. நாள் முழுக்க நீராவியில் நின்றதால் அந்தப் பெயரா, கோபம் வந்தால் மூக்கிலிருந்து புகை கிளம்புவதால் அந்தப் பெயரா என்று ஆலையில் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் புருஷனுக்கு இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் தெரியாதம்மாவின் பன்னிரண்டு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டதும் போய் நின்றது நீராவி அக்காவின் வீட்டில்தான். பெரியம்மா பெரியம்மா என்று அந்தப் பெண் அவளிடம் ஒட்டிக்கொண்டது. வேலை நடுவில் தெரியாதம்மாவுக்குக் கண் கலங்கினால், "போ, கழிப்பறைக்குப் போய் நல்லா அழுதுட்டு வா, இங்க நான் பாத்துக்கறேன்," என்று விரட்டுவாள்.

ஒரு தடவை சொன்னாள்: "அவன் சொன்ன தெரியாதும் நீ சொல்ற தெரியாதும் ஒண்ணாடி? அவன் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னான். நீ தெரியாததைத் தெரியாதுங்கற. அதனாலதான் நாங்க உன் பின்னாடி நிக்கறோம்."

ஆலை நிமிர்ந்தது. போகிறேன் என்ற ஆஸ்பத்திரி போகவில்லை, புதிதாக இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தலைமை அலுவலகத்துக்கு மூக்கில் வேர்த்தது. மண்டல அதிகாரி நேரில் வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய வாசனை வந்துவிடும் என்பதால் ஆலையில் அவருக்கு சென்ட் பாட்டில் என்று பெயர். அவர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எல்லா ஊர் மேலாளர்களும் கூடுகிற கூட்டத்தில் அவள் பேச வேண்டும் என்றார். நிச்சயமில்லாத காலத்தில் தலைமை வளர்வது எப்படி என்று தலைப்பும் கொடுத்தார்.

"உங்க சொந்தக் கஷ்டத்தையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கம்மா. நல்லா எடுபடும்."

எடுபடும் என்றார், பாருங்கள்! ஒருத்தியின் வாழ்க்கை, கடையில் விலை போகிற சரக்காகிவிட்டது. அவளும் போய்ச் சொன்னாள். இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டைகளையும் சொன்னாள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வயிற்றுக்குள் ஏதோ இதமாகப் பரவியதை அவளால் மறைக்க முடியவில்லை. புருஷன் போனதிலிருந்து யாரும் அவளைப் பார்த்து இப்படிக் கைதட்டியதில்லை.

கூட்டம் முடிந்ததும் அதிகாரி தனி அறைக்கு அழைத்துப் போனார்.

"அந்த அடைப்புக்குறியை எடுத்துடப் போறோம்மா. இனிமே நீங்க நிரந்தர மேலாளர்," என்றார். அவள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார். புது மெஷின் வருகிறது. துணியை ஒரு பக்கம் கொடுத்தால் தேய்த்து மடித்து மறுபக்கம் தள்ளிவிடும். ரோலர் பிரிவு தேவைப்படாது. "பிரிவையே மூடிடுவோம். மெஷின் வந்து இறங்கற வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது. முன்னாடியே தெரிஞ்சா ஆளுங்க கழண்டுக்குவாங்க, வேலை நின்னுடும். உங்களை நம்பித்தான் சொல்றேன்."

ரோலர் ஆட்களை வேறு பிரிவுகளில் போட முடியாதா என்று கேட்டாள். பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது அவளுக்கும் தெரியும். முடியாது என்று எழுந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் வெளியிலிருந்து ஒருவன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் செய்திருப்பான். வாடகை வீடு, வளர்கிற பெண், கைகழுவிவிட்டுப் போன புருஷன். அவள் பக்கம் நியாயமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள், "சரிங்க சார்," என்றாள்.

வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "அம்மாவை நிரந்தரமாக்கறாங்கடா! புது மெஷின் வருது, ரோலரெல்லாம் போயிடும். ஆனா ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது, என்ன?"

மகள் நிமிர்ந்து கேட்டாள்: "பெரியம்மாகிட்ட கூடவா?"

"அவங்ககிட்ட அம்மாவே நேரம் பாத்துச் சொல்லிக்கறேன்."

அந்த நேரம் தானாகவே வந்து எதிரில் நின்றது. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் நீராவி அக்கா தலையில் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டே அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏய், ஒரு விஷயம். அந்தப் பெரிய ஹோட்டல்ல இஸ்திரிப் பிரிவுக்கு என்னைக் கூப்பிடறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"நல்ல இடமாச்சேக்கா."

"நல்ல இடம்தான். எனக்குத்தான் மனசில்ல. உன்னை விட்டுட்டு அங்க போய் யாரோட சண்டை போடறது?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா ஆளுங்க என்னென்னவோ பேசிக்கறாங்க. மெஷின் வருதாம், நம்ம பிரிவை மூடிடுவாங்களாம். உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும் என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்கே இவள் போவாள். இவள் பின்னால் பிரிவு மொத்தமும் போகும். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க சென்ட் பாட்டிலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் நான் நாற்காலியில் உறுதியாக உட்கார்ந்துகொள்கிறேன், அப்புறம் எப்படியாவது இவளுக்கு ஓர் இடம் வாங்கித் தந்துவிடலாம் என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. நமக்கு வேண்டிய சமாதானத்தைச் சொல்லித் தருவதில் மனசைப் போல ஒரு கைகாரி உண்டா?

"தெரியாதுக்கா," என்றாள்.

முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வாட்டம் யாருடையது என்று சொன்ன கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றானே, அவனுடையது.

"அவ்வளவுதானே," என்று நீராவி அக்கா எழுந்தாள். "உனக்கே தெரியலேன்னா அப்ப ஒண்ணுமில்ல. ஹோட்டல்காரனுக்கு வரலேன்னு சொல்லிடறேன்." கதவைத் திறந்துகொண்டு போனாள். கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. மறுநாள் காலையிலும் கொஞ்சம் இருந்தது.

லாரியில் மெஷின் வந்து இறங்கிய அன்று சென்ட் பாட்டிலும் வந்து இறங்கினார். ரோலர் பிரிவுக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து, உங்கள் உழைப்பை நிறுவனம் என்றும் மறக்காது என்றார். மறக்காதவர்கள் செய்கிற வேலையா இது? அவர் பக்கத்தில் அவள் நின்றாள். டிரம்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, இது உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் நீராவி அக்கா அவர்மேல் பாய்ந்தாள். "யாரைப் பாத்து என்ன கேக்கறே? நானே கேட்டேன், தெரியாதுன்னு சொன்னா. அவ தெரியாதுன்னா தெரியாதுதான்! புருஷன் விட்டுட்டுப் போனதையே மறைக்காதவ, இதையா மறைக்கப் போறா?"

கூட்டம் அடங்கிவிட்டது. தெரியாதம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நிஜக் கண்ணீர்தான், அதுதான் கொடுமை. வேலை போனவள் வந்து, வேலையில் இருப்பவளின் கண்ணைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "அழாதடி. நீ என்ன பண்ணுவே, உன்னையும்தானே ஏமாத்திட்டாங்க," என்றாள். சென்ட் பாட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கே பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

அந்த வாரமே கதவில் புதுப் பலகை வந்தது. மேலாளர் என்று மட்டும் இருந்தது. பொறுப்பைக் காணோம்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் நீராவி அக்கா தெரியாதம்மாவின் வீட்டுக்கு வந்தாள். மகள் தன் வீட்டில் விட்டுப்போன சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் எடுத்து வந்திருந்தாள். சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஹோட்டலுக்குப் போனேன். வேற ஆளைப் போட்டுட்டாங்களாம்," என்றாள் நீராவி அக்கா. "பரவாயில்ல, வேற எங்கயாவது பாப்போம். இவருக்கு மருந்துதான் ரெண்டு நாளா வாங்கல. நீ ஒண்ணும் தர வேணாம், சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

தெரியாதம்மா தேநீர் கோப்பையை அவள் கையில் கொடுத்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம், சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் துணியை எடுத்து அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

சமையலறையின் இறுக்கம் பிடிக்காமல் நீராவி அக்கா மேசைப் பக்கம் திரும்பினாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். "ஏண்டி குட்டி, நீயாவது பெரியம்மா காதுல போட்டிருக்கக் கூடாதா? மெஷின் வரப்போறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பென்சில் நின்றது. மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். அம்மா ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் திரும்பத் துடைத்தாள்.

"தெரியாது பெரியம்மா," என்றாள் மகள். குரலில் ஒரு பிசிறு இல்லை. முகம் மட்டும் கொஞ்சம் வாட்டமாக இருந்தது.

நீராவி அக்கா வாய்விட்டுச் சிரித்து, அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "அப்படியே உங்கம்மாவை உரிச்சு வெச்சிருக்கேடி," என்றாள்.