எட்டும் ஒரே பக்கம்

"குடத்தைக் கவுத்துக் கொட்டுங்க."

செண்பகம் கேட்டே விட்டாள். அம்மன் முன்னால் வைத்து எடுத்த குடம், அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று அம்மா செல்லியம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக்காக மீனவக் குப்பத்தின் படகுத்துறையும் ஊராரின் நெல் நிலமும் போயின. பதிலுக்கு மாதம் ஒரு வேலை. யாருக்கென்று பஞ்சாயத்தில் சீட்டு எடுப்பார்கள். இரண்டு பக்கமும் சமமான வீடுகள். எட்டு மாதத்தில் எட்டு வேலையும் ஊருக்கே போயின. குப்பத்தில் அப்பா இல்லாத வீட்டுக்காகச் செண்பகத்தின் பெயரும் குடத்துக்குள் கிடந்தது.

ஊர்க்காரரான பஞ்சாயத்துத் தலைவர் பரசுராமன் சிரித்தார். "இன்னாம்மா, பி.எஸ்ஸி. படிச்சா சீட்டு தானா கைக்கு வந்துடுமா? அதிர்ஷ்டம்னு ஒண்ணு கீதுல்ல."

"கீது. கணக்கு போட்டுக்கினுதான் வந்தேன். ஒவ்வொரு சீட்டும் ஒண்ணு ஊரு, இல்லாட்டி குப்பம். எட்டு சீட்டு வுழ இருநூத்தி அம்பத்தாறு வழி. நாலுக்கு நாலுன்னா எழுபது வழி. எட்டும் உங்களுக்கேன்னா ஒரே வழி. ஈருறுப்புத் தேற்றம்னு பரீட்சைக்குப் படிச்சது."

"அந்த ஒரு வழி நடக்கக் கூடாதா?"

"நடக்கலாம். அதான் கொட்டச் சொல்றேன்."

அவளே கவிழ்த்தாள். ஊர்ப் பெயர்கள் முதலில் விழுந்தன. தட்டத் தட்டக் குப்பத்துப் பெயர்கள் அடியிலிருந்து வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் திருட்டு என்று சொல்லிவிடலாம், அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்க பேரை மொதல்ல போட்டது யாரு?"

குப்பத்து நாட்டாமை துலுக்காணம் மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். மரியாதைல்ல?"

முதலில் போட்டது அடியில். பரசுராமன் இரண்டு விரலால் மேலாக எடுப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"கலந்து போட்டு குலுக்குங்க மாமா."

"சாமி குடத்தை ஆட்டுவாங்களா? கலந்தா குப்பம் எறங்கிப்போச்சும்பான் ஊருக்காரன்."

மாமா நிஜமாகவே ஏமாந்தாரா, ஏமாந்தவர் மாதிரி நிற்கிறாரா, அவளுக்குப் பிடிபடவில்லை. பரசுராமன் சீட்டுகளைப் பொறுக்கி, குப்பத்துப் பெயர்களை முதலில் உள்ளே போட ஆரம்பித்தார், வெகு மரியாதையாக.

"திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுல மனு குடுக்கப் போறேன்" என்றாள்.

"பேஜாரு பண்ணா உன் பேரு குடத்துல இருக்காது" என்றார் மாமா.

"போடாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.