கவிழ்த்துவைத்த கப்பற்படை

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ரயிலில் ஒட்டுக்கேட்டது.

சேலத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு பெண்கள். ஒருத்திக்கு இருபத்தைந்து இருக்கும், மற்றவர் நாற்பதைத் தொடுகிறவர். வண்டி கிளம்பியதும் இளையவள் சொன்னாள்:

"மூணு போர்க்கப்பல அவரு பாதி வழியிலியே பூமிக்குத் திருப்பிட்டாருங்கக்கா. நான் ஒரு குண்டுகூட சுடல."

காலமெல்லாம் தொடர்கதை எழுதிப் பிழைத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேவுக்காரிகள்! கடற்படை ரகசியம்! மொரப்பூரில் போலீஸ் காத்திருக்க வேண்டும், நான் மெல்ல எழுந்து... போனைக் கையில் எடுத்தே விட்டேன். அந்த நேரம் பார்த்து இளையவள் கைப்பையைத் திறந்து, ஒரு பிடி புளியங்கொட்டையை மடியில் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தாள்.

போன் மறுபடியும் சட்டைப்பைக்குள் போயிற்று. வெட்கத்தை விட்டு விசாரித்தேன். மொரப்பூரில் இறங்கும்வரை இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அதைத்தான் எழுதுகிறேன். எழுத முயல்கிறேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"இருள்! கோடி மைல் இருள்! அந்த இருளைக் கிழித்துக்கொண்டு தும்பர்களின் தாய்க்கப்பல்—"

வேண்டாம். அங்கே தாய்க்கப்பலே கிடையாது.

இரண்டாவது வரைவு: "அரூர் பேக்கரி ஒன்றின் மாடிக் கதவைத் தள்ளித் திறந்தபோது, மேசைக்கடியில் ஒரு பிணம்—"

பிணமும் கிடையாது. (பழக்கதோஷம். முதல் பக்கத்தில் யாராவது சாகாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது.)

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அரூரில் தீர்த்தகிரியின் பேக்கரி மாடியில் நான்கு பேர் ஞாயிறுதோறும் விண்வெளிச் சண்டை போடுகிறார்கள். இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு, பழைய காதுகுத்து ஃப்ளெக்ஸ் பேனரைக் குப்புற விரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் கட்டம் போட்டால் அண்டவெளி தயார். (உற்றுப் பார்த்தால் செவ்வாய்க் கிரகத்துக்குள் ஒரு தாய்மாமன் மங்கலாகக் கைகூப்பிக்கொண்டிருப்பார்.)

விதிகளை எழுதியவர் கோகிலவாணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரயிலில் மூத்தவர் இவர்தான். ஆட்டத்துக்கு நடுவரும் இவரே. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பிரபாகர் பூமிப்படைத் தளபதி. அவருடைய போர்க்கப்பல்கள் எட்டும் பழைய ஸ்பார்க் பிளக்குகள். தீர்த்தகிரி செவ்வாய்ப்படை, கப்பல்கள் பிஸ்கட் டப்பா மூடிகள். நான்காவது ஆள் தஸ்லீம், புளி மண்டிக்காரர் மகள். லாரியில் மூட்டை ஏற்றுவதிலிருந்து சந்தை விலை பேசுவதுவரை மண்டியில் அவள் ராஜ்யம். அவள் உருவாக்கிய வேற்றுக்கிரகப் படைக்குப் பெயர் தும்பர்கள்.

தும்பர் கப்பல் என்றால் ஒரு புளியங்கொட்டை. அது கண்ணில் படாது. கவிழ்த்த பேப்பர் கப்புக்கு அடியில் இருக்கும். ஒரு கப்புக்குள் ஏழு கொட்டை இருக்கலாம், ஒன்று இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். எதிரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால்தான் தூக்கிப் பார்க்க முடியும். புதிய கப் எந்தச் சுற்றிலும், எந்த ஓரத்திலிருந்தும், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையலாம்.

கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? ஆனால் தும்பர் பீரங்கி ஒரு கட்டத்துக்கு மேல் சுடாது, கப்பல்களுக்கோ ஆமை வேகம். ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. பெங்களூரில் போட்டி அறிவித்தபோது பிரபாகர் கறாராகப் பேசிவிட்டார். குழுவாகப் போகிறோம், மதிப்பெண்ணைக் கூட்டித்தான் கணக்கிடுவார்கள், ஒரு நோஞ்சான் படை மற்ற படைகளையும் கவிழ்த்துவிடும் என்றார்.

"ஒம்மேல கோவமில்ல தஸ்லீமு. படைன்னா ராணுவத்துக்கு ஒரு பயன் இருக்கணும். ஒன்னுது படை இல்லம்மா, டீக்கடை குப்பத்தொட்டி."

"ஞாயித்துக்கெழம எங்கூட ஒரு ஆட்டம் போடுங்கண்ணே," என்றாள் தஸ்லீம். "அப்பறமா சொல்லுங்க, எது குப்பன்னு."

ஆட்டம் முடிந்ததும் ஓட்டு எடுப்பது என்று முடிவாயிற்று. தும்பர் படைக்கு ராணுவப் பயன் உண்டா, இல்லையா? உண்டு என்றால் பெங்களூர். இல்லை என்றால் தஸ்லீம் அரூரிலேயே. வேறு படையோடு போகவும் வழியில்லை; போட்டியில் அவரவர் உருவாக்கிய படையோடுதான் ஆட வேண்டும்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தஸ்லீமுக்கு ஏன் இத்தனை வெறி? வாசகர் கேட்பாரே என்று அவளுக்கு ஒரு சோகம் தயார் செய்தேன். "அவள் கண்களில் யாரும் அறியாத ஒரு துயரம்..." என்று அரைப் பக்கம் ஓடியது. கண்டிப்பான அப்பா ஒருவரைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அடித்துவிட்டேன். அவளுடைய அப்பா நல்ல கொட்டையாகத் தேடிப் பொறுக்கிக் கொடுக்கிற மனிதர். அவளுக்கு ஒரு துயரமும் கிடையாது. தான் உருவாக்கிய படை, ஊர் பேர் தெரியாத ஒரு எதிராளி முன்னால் நின்று அவனைத் திணறடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பந்தயக்காளை வளர்ப்பவனிடம் போய் உனக்கென்ன சோகம் என்றா கேட்கிறோம்?

4

ஞாயிறு பிற்பகல். கீழே பஃப்ஸ் வேகும் வாசனை.

விதி சுலபம். பூமி ஒரு மூலையில், நடுவில் ஒரு நிலா. பத்துச் சுற்றுக்குள் பிரபாகர் ஆறு கப்பல்களை நிலாவில் இறக்கிவிட்டால் அவருக்கு வெற்றி. அதற்குள் தும்பர் கப்பல் ஒன்றே ஒன்று பூமியைத் தொட்டுவிட்டாலும் அவருக்குத் தோல்வி.

தஸ்லீம் ஆறு கப்புகளை வைத்தாள். ஒவ்வொன்றையும் கைக்குட்டைக்குள் மறைத்தபடி கவிழ்த்தாள். பிரபாகர் சிரித்துக்கொண்டே எட்டு பிளக்குகளையும் வரிசையாக நிலாவை நோக்கி நகர்த்தினார். மூன்றாவது சுற்றில் கப்புகள் நிலாவை ஒட்டி ஒதுங்கி நின்றன. சுடவில்லை, விலகவும் இல்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கிட்டே போனால் கப்பைத் தூக்கலாம். ஆனால் உள்ளே ஏழு இருந்தால் முன்னால் போகிற பிளக் அவுட். சுற்று வழியில் போனார்.

நாலாவது சுற்று. இப்போது கவனியுங்கள், கதையின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது.

பிரபாகருக்கு போன் வந்தது. அவரிடம் கார் ஓட்டப் பழகும் ஒருவர் பஸ் ஸ்டாண்டு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ரிவர்ஸ் கியர் விழவில்லை என்று புலம்பினார். பிரபாகர் மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்தார். போதும், இனி ஊற்றாதீர்கள் என்பதற்கு அடையாளமாக அவர் எப்போதும் செய்வதைச் செய்தார்: பேப்பர் கப்பைக் கவிழ்த்துவைத்தார். எங்கே? கை போன இடத்தில். பூமிக்கு இரண்டு கட்டம் தள்ளி, பேனரின் ஓரத்தில்.

ஜன்னலருகே போய், கிளட்சை முழுசாக மிதிக்கச் சொல்லித் தெருவுக்கே கேட்கும்படி பாடம் நடத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தார்.

ஏழு கப்!

(வாசகரே, பத்திரிகையாக இருந்தால் நான் இங்கேதான் 'தொடரும்' போட்டிருப்பேன்.)

தஸ்லீம் அதைப் பார்த்தாள். அவர் எதைப் பார்க்கிறார் என்பதையும் பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்தது: அண்ணே, அது உங்களுது. விழுங்கினாள். அவள் அந்தக் கப்பைத் தொடவில்லை. அவளுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டாள்.

கோகிலவாணியும் பார்த்திருந்தார். கேட்டால் ஒழிய நடுவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் எழுதிய விதி. (ரயிலில் இதைச் சொன்னபோது, ஏன்தான் அப்படி எழுதினேனோ என்று தலையில் தட்டிக்கொண்டார்.)

பிரபாகர் கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்துவிட்டார் என்று தெரிந்துபோகும். கேட்கவில்லை. நிலாவுக்குப் பாதி வழியில் இருந்த மூன்று பிளக்குகளை, யாருக்கும் பெரிதாகப் படாதபடி, ஒவ்வொன்றாகப் பூமிக்குத் திருப்பினார். ஐந்தாவது சுற்றில் ஒன்று. ஆறில் ஒன்று. ஏழில் ஒன்று.

எட்டில் மூன்று பிளக்கும் பூமியைச் சுற்றிக் காவல் நின்றன. ஒன்பதிலும் நின்றன. அந்தக் கப் இடத்தை விட்டு அசையவில்லை. அசையாமல் இருப்பதுதான் பிரபாகரை வதைத்தது. வரவும் மாட்டேன் என்கிறது, போகவும் மாட்டேன் என்கிறது. உள்ளே எத்தனைதான் இருக்கிறது?

பத்தாவது சுற்று. நிலாவில் ஐந்து பிளக். ஒன்று குறைவு; வெற்றி கைநழுவிவிட்டது. பிரபாகர் ஒரு காவல் பிளக்கை அந்தக் கப்புக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, தாமே கையை நீட்டித் தூக்கினார்.

அடியில் பழுப்பாக ஒரு வட்டம். இரண்டு சொட்டு டீ.

முகர்ந்து பார்த்தார். "இது என் டீ," என்றார்.

5

தீர்த்தகிரி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார். அது அடங்க நேரமாயிற்று. அந்த இடைவெளியில் நான் தயார் செய்துவைத்திருந்த இரண்டு முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

(அ) தஸ்லீம் நிதானமாக எழுந்து மற்ற ஆறு கப்புகளையும் தூக்குகிறாள். ஒவ்வொன்றிலும் கொட்டைகள் குவிந்துகிடக்கின்றன. பிரபாகர் உறைந்துபோகிறார். இசை.

(ஆ) அவள் தூக்குகிறாள். ஆறும் காலி. ஆரம்பத்திலிருந்தே படையென்று ஒன்று இல்லை! கொட்டைகளெல்லாம் கைக்குட்டையிலேயே! பிரபாகர் மறுபடியும் உறைந்துபோகிறார். இசை.

இரண்டும் விற்பனையாகும். (ஆ) அட்டைப்படத்துக்கே தாங்கும். எழுதியும் பார்த்தேன். ஆனால் இரண்டிலும் ஒரு கேள்வி காணாமல் போகிறது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது அந்தக் கேள்வியால்தான். ஒரு படையின் பயன் என்ன? அது எத்தனை கப்பல்களை உடைத்தது என்பதா, எத்தனை கப்பல்களை வீட்டைவிட்டு வரவிடாமல் கட்டிப்போட்டது என்பதா? தும்பர்கள் ஒரு கீறல்கூடப் போடவில்லை. பூமிப்படையில் மூன்று கப்பல்கள் நிலாவுக்கே வரவில்லை. இரண்டும் நிஜம்.

6

ஓட்டெடுப்பு. தன் படை என்பதால் தஸ்லீமுக்கு ஓட்டு இல்லை. தீர்த்தகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னார்.

"பயன் இல்ல. எச்சி கப்பப் பாத்து இவன் பயந்துக்கினான். இதுல படை எங்க இருக்குது?"

அடுத்து பிரபாகர். அவர் முகம் சிவந்திருந்தது. தஸ்லீம் அவரைப் பார்க்காமல் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பயன் உண்டு," என்றார் பிரபாகர்.

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். பிரபாகர் கையமர்த்தினார்.

"பயந்தது நான்தானடா, எனக்குத்தானே தெரியும். தெனம் கீழ ஒங்கடையில நூறு கப்பு கெடக்குது, அதப் பாத்தா பயந்தேன்? அந்த ஆறும் நிலாவுக்குப் பக்கத்துல நின்னிச்சு. அதனாலதான் ஏழாவதுக்கு பயந்தேன். நான் குடிச்ச கப்பே எனக்கு எதிரா அவ படையில சேந்துகிச்சு. இதவிட என்னடா பயன் வேணும்?"

ஒன்றுக்கு ஒன்று. சமம். கடைசி ஓட்டு நடுவருடையது.

கோகிலவாணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கணக்கு டீச்சர். விடை எழுதுமுன் சரிபார்க்கிறவர். நிலாவை ஒட்டியிருந்த கப்பை நோக்கிக் கையை நீட்டினார்.

"உள்ள எத்தன இருந்திச்சுன்னு பாத்துட்டு சொல்லிடறேன்."

தஸ்லீமின் இரண்டு கைகளும் பேனரின் மேல் பாய்ந்தன. ஆறு கப்புகளையும் அணைத்துக்கொண்டாள்.

"தூக்காதீங்கக்கா."

"பாக்காம எப்பிடிம்மா ஓட்டு போடறது?"

"பாத்துட்டா இந்தப் படை இங்கியே செத்துப்போயிடும். நான் எத்தன வெப்பேன், எங்க வெப்பேன்னு ஒங்க மூணு பேத்துக்கும் தெரிஞ்சுடும். நாளைக்கு பெங்களூர்ல யார்கிட்டயாவது வாய்தவறி வந்துடும். அண்ணன் பாக்காமதான பயந்தாரு? நீங்களும் பாக்காமயே சொல்லுங்க. இல்லன்னு சொன்னாலும் சரி, நான் இங்கியே இருந்துக்கறேன். பாத்துட்டு மட்டும் சொல்லாதீங்க."

கோகிலவாணி கையை இழுத்துக்கொண்டார். பிறகு தன் ஓட்டைச் சொன்னார்.

என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ரயிலிலேயே கேட்டுக்கொண்டேன். கப்புகளுக்கு அடியில் என்ன இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எவ்வளவு கெஞ்சியும் தஸ்லீம் சொல்லவில்லை. கோகிலவாணிக்கும் தெரியாது.

ஆகவே அவருடைய ஓட்டை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வீர்கள். எழுந்து வாருங்கள், நாற்காலி காலியாக இருக்கிறது. எதிரே ஸ்பார்க் பிளக்குகள், ஐந்து நிலாவில், மூன்று பூமியருகே. கவிழ்ந்த ஆறு கப்புகள். அவற்றின் மேல் ஒரு பெண்ணின் இரண்டு கைகள். பஃப்ஸ் வெந்துவிட்டது, கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள். மூன்று பேரும் உங்கள் வாயையே பார்க்கிறார்கள்.

தூக்கிப் பார்க்காமல் சொல்லுங்கள். அவள் பெங்களூர் போகிறாளா?