அண்ணன் வேண்டாம் என்ற பாட்டு

1

இந்தக் கதை பேருந்தில், என் பின்னிருக்கையில் பிறந்தது. "அதே பாட்டு, அதே வரிசை. சலிக்கவே சலிக்காதா அவங்களுக்கு?" என்றது ஒரு பெண் குரல். "நீ போடற சண்டையும் அதே வரிசைதான். எனக்குச் சலிச்சுதா?" என்றது ஓர் ஆண் குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் குரல் நின்றுபோகும். அடுத்த நிறுத்தத்தில் அவர்கள் இறங்கினார்கள். சண்டை மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

2

முதல் தொடக்கம்: அன்று மாலை அரங்கத்தின் மேல் வானம் செக்கச் சிவந்து—

வேண்டாம். வானம் பேசாது. பேசாததை எழுத எனக்கு வராது.

இரண்டாம் தொடக்கம்: அவள் பல் மருத்துவரின் உதவியாளர். [உண்மையில் என்ன வேலையோ, யார் கண்டார்கள்? வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் நாள் முழுக்கப் பேசுகிறவள் என்றால், பதிலுக்குக் காத்திராத அந்தக் குரலுக்குப் பொருந்துகிறது.] ஒரு ராக் குழுவின் தீவிர ரசிகை. கணவர் அதே குழுவுக்கு மேடை விளக்கு போடுகிறவர். குளத்துக்குள் நின்றும் நாக்கு வறண்ட கதைதான்: குழுவின் இரண்டாவது தொகுப்பில் கடைசியாக வரும் மெதுவான பாட்டு அவளுக்கு உயிர். அதை அவர்கள் மேடையில் ஒருமுறைகூடப் பாடியதில்லை.

"அந்த ஒரு பாட்டைப் பாடச் சொல்லுங்களேன்."

"நான் விளக்கு போடறவன். பாட்டு போடறவன் இல்லை."

"ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"கேக்க மாட்டாங்க. அந்தப் பாடகன் புடிச்ச முயலுக்கு மூணே கால்."

உடனே கதவை அறைந்துவிட்டுப் போவாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இன்னும் இரண்டு சண்டை போடுவாள். ராக் கச்சேரிகளிலும் முடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து இன்னும் இரண்டு பாட்டு போடுவார்கள், அப்படித்தானே?

(அடிக்குறிப்பு: கணவர்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர்கள் எதையோ மென்று விழுங்குகிறார்கள்.)

3

குழு கலையப் போகிறது. இன்றைய நிகழ்ச்சியே கடைசி. இன்று விட்டால் அந்தப் பாட்டு எந்த மேடையிலும் இல்லை.

இடைவேளை. விளக்கு மேசையில் கணவர். அவர் நாற்காலிக்குப் பின்னால் அவள். பாடகர் வியர்வையைத் துடைத்தபடி வருகிறார்.

"அண்ணே, கடைசி நாள். இன்னிக்காவது அந்த மெதுவான பாட்டைப் பாடட்டுமா? நானும் வருஷா வருஷம் கேக்கறேன், நீங்களும் வேணாம் வேணாம்ங்கறீங்க."

[என் பேனா இங்கே நின்றுவிட்டது. சத்தியமாக எனக்கும் இது தெரியாது.]

"யாரு வேணாம்னது?" என்றாள்.

"அண்ணன்தான், அண்ணி. பாட்டு வரிசைப்படி விளக்கை முன்னாடியே அமைச்சு வச்சிருக்காராம், ஒரு பாட்டை மாத்தினா பின்னாடி வர்ற எல்லா விளக்கும் குழம்பிடுமாம்."

கணவர் விளக்கு மேசையின் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

(ஒரு வாசகி என்னிடம், "எப்பப் பாரு புருஷன் பொண்டாட்டி சண்டையையே எழுதறீங்களே" என்று குறைபட்டுக்கொண்டாள். எனக்கும் விளக்கு குழம்பிவிடும் என்ற பயம்தான், என்ன செய்ய?)

4

முடிவு ஒன்று: பாடகர் பாடுகிறார், அவள் கண்ணீர் விடுகிறாள், கணவர்— திகட்டியது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அதே பாட்டுகள். அவள் வாய் பேசாமல் வீடு திரும்புகிறாள். இவளா? வாய் பேசாமலா? சொன்னால் யார் நம்புவார்கள்!

சரி, அவளே பேசட்டும் என்று விட்டேன்.

"அப்போ இருட்டுல பாடுங்க."

பாடகர் சிரித்தார். "நல்லாருக்கே, அண்ணி!"

"ஒரு விளக்கும் எரிய வேணாம். எதுவும் குழம்பாது."

கணவர் அப்போதுதான் திரும்பினார்.

"இருட்டுலயே பாடிடலாம்னா, நான் எதுக்கு?"

அதைச் சண்டைக் குரலில் சொல்லவில்லை.

5

இதற்கு அவள் என்ன சொன்னாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏதாவது எழுதினால் அது என் குரலாகத்தான் இருக்கும். வாசிக்கிற நீங்கள் வெளியாள், அவள் என்ன சொன்னாள் என்று துணிந்து சொல்லலாம். அவள் கை அவருடைய நாற்காலி முதுகின்மேல் இருக்கிறது. அரங்கில் கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது.

"அண்ணி, சீக்கிரம் சொல்லுங்க. பாடவா, வேணாமா?"