பின்சுவரில் நின்ற தோமினிக்

1943 சித்திரையில் தோமினிக் பட்டாளத்துக்குப் போனபோது அவன் நிழல் அவனோடு போகவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில், கலியபெருமாள் அச்சுக்கடையின் பின்சுவரில் அது நின்றுவிட்டது. அந்த மாதம் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்பதால் ஊரில் நிழலைவிட மண்ணெண்ணெயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்தக் கடையில் சட்டம் கழுவுகிறவள் தோமினிக்கின் பெண்சாதி பாக்கியம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணியில் கலியபெருமாள் மஞ்சள் மருந்துப் பசையைப் பூசி, எழுத்து வரைந்த தாளை மேலே வைத்து வெயிலில் காட்டுவார். வெயில் பட்ட பசை இறுகிவிடும். எழுத்துக்கு அடியில் மறைந்தது இளகியே கிடக்கும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, துணிக் கண்களில் தங்கிய மிச்சத் தண்ணீரையும் பசையையும் வாயால் ஊதி எடுப்பது அவள் வேலை. ஒரு துளி தங்கினாலும் காய்ந்து தோல் கட்டும், மை இறங்காது, எழுத்து மூளியாகும். பாக்கியம் கழுவிய சட்டத்தைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே கோட்டை நிற்கிற ராஜகிரி மலை எழுத்து எழுத்தாகத் தெரியும்.

‘பட்டாளத்தில் சேருங்கள்’ என்ற நோட்டீசும் அவள் கையில் அப்படித்தான் சுத்தமாக வந்தது. பக்கத்து வல்லத்தில் மல்லாட்டைக் கொடி கருகி, ஒரு கடலைகூடக் கிடைக்காமல் போன வருஷம் அது. கூலி வேலை இல்லாமல் திரிந்த தோமினிக் சந்தைச் சுவரில் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, பெயர் கொடுத்துவிட்டு வந்தான். புறப்படுகிற காலையில் கடைக்குப் பின்னால் வந்து நின்றான். பாக்கியம் அப்போதுதான் சட்டம் கழுவிய மஞ்சள் தண்ணீரைச் சுவரில் வீசியிருந்தாள்.

“போவாதய்யா. கூழு குடிச்சினாவது இருந்துக்கலாம்.”

“மூணு வேளையும் சோறு போடறானாம். நீ கழுவின எழுத்துதான அது? எம்மாந் தெளிவா இருந்துச்சி தெரியுமா? எனக்கே படிக்க வந்துடுச்சி.”

பாராட்டாகத்தான் சொன்னான். வலது கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். நிழல் தூக்கிய கையோடு ஈரச்சுவரில் நின்றது.

அது காலையில் நீண்டு, உச்சிவேளையில் காலடியில் சுருங்கி, மற்ற நிழல்களைப் போலவே நடந்துகொண்டது. மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்தார். நனைந்து, காய்ந்து, அப்படியே இருந்தது. கலியபெருமாள் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்புக்கு மேலே வந்தது. பாக்கியம் மதியக் கஞ்சியை அதன் எதிரே உட்கார்ந்து குடித்தாள். அடுத்த தடவை அதே நோட்டீசு வந்தபோது, ஒருவரும் படிக்கக் கூடாதென்று ஊதாமலே விட்டாள். கலியபெருமாள் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா பாக்கியம், கண்ணு அவிஞ்சிபோச்சா? வேலையில இருக்கறியா, போறியா?”

அவள் ஊதினாள். அந்த நோட்டீசில் பதினோரு பேர் போனார்கள்.

1946 தை மாதம் தோமினிக் திரும்பி வந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. நிழலும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேராகப் பின்சுவருக்கு வந்து, தூக்கிய கையோடு நிற்கிற தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நிழலோடு ஒட்டி நின்று பார்த்தான், பொருந்தவில்லை. ஒரு வாரம் தினமும் வந்து பார்த்தான். பிறகு, “அதக் கழுவிடு” என்றான்.

“ரெண்டு கையோட ஒருத்தன் இருந்துட்டுப் போவட்டுமே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

“அப்ப அதுங்கூடவே குடித்தனம் பண்ணு” என்று சொல்லிவிட்டு அவன் கோயில் வாசலில் போய்ப் படுத்தான். மூன்று நாள் சோறு கொண்டுபோய் வைத்தாள். தொடவில்லை. நாலாம் நாள் சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து எடுத்துக்கொண்டு சுவருக்கு வந்தாள். அவனும் வந்து பின்னால் நின்றான். கால் போயிற்று, இடுப்பு போயிற்று, முகம் போவதற்கு மதியம் ஆயிற்று. வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வலது கை மட்டும் மிச்சம் இருந்தது. அதை விட்டுவிடலாமா என்று திரும்பிப் பார்த்தாள்.

“அதயும்” என்றான்.

பாக்கியம் சுவரில் வாயை வைத்து ஊதினாள். ஐந்து விரலும் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. கலியபெருமாள் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்குது” என்றார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த சட்டத்தை எடுத்தாள். அன்று ராத்திரி தோமினிக் வீட்டில் சாப்பிட்டான். அதற்குப் பிறகு இருவரும் தேவைக்கு மேல் பேசியதில்லை.

மறுவருஷத்திலிருந்து அவன் வாரம் ஒரு நாள் இடது தோளில் மல்லாட்டை மூட்டை வைத்து வல்லம் சந்தைக்கு நடந்தான். பாக்கியம் கூடவே குடை பிடித்துப் போனாள். ரோட்டில் ஒரு பொம்பளையின் நிழலும் குடையின் நிழலும் போகும். பக்கத்தில் மூட்டையின் நிழல் மட்டும் மிதந்து போகும். எதிரே வருகிற வண்டிக்காரர்கள் அந்த மூட்டைக்கு இடம் விட்டு ஒதுக்கி ஓட்டினார்கள். முதலில் மாடுகள் மிரண்டன. ஒரு மாதத்தில் அவையும் பழகிக்கொண்டன.