ஒன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர்

முப்பத்தொன்றிலிருந்து எழுபத்தெட்டு. அதுவும் ஒரே வருடத்தில். வெர்னெட்டா ஓக்லிக்கு அந்த எண் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது.

மிசிசிப்பி டெல்டாவில் பதினோரு அரசுப் பள்ளிகளைக் கட்டி மேய்க்கும் கல்வி மாவட்டத் தலைவி அவள்; முனைவர் பட்டம் பெற்றவள். அதில் படுமோசமான பள்ளியின் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் தேறியவர்களின் சதவீதத்தில்தான் இந்த அதிசயம். பெரிய நகரம் ஒன்றில் இதே பதவிக்கு விண்ணப்பித்தபோது, அந்த எண்ணைத்தான் முதல் வரியில் போட்டிருந்தாள். வியாழக்கிழமை நேர்காணல். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்பார்கள். அவளுக்கே தெரியாது. விடைத்தாளைத் திருத்தியிருப்பார்களோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பள்ளியில் போய் இறங்கினாள். போன வருடம் தேர்வெழுதிய பிள்ளைகளில் ஆறு பேரைக் கூப்பிட்டு, தான் கொண்டுபோன புத்தகத்தை நீட்டினாள். ஆறு பேரும் தண்ணீர் பட்ட பாடாகப் படித்தார்கள். சந்தோஷப்பட வேண்டியவள்தான். அவளுக்கோ சந்தேகம் இன்னும் கூடியது.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"மிஸ் காட்லின். அப்புறம் மிஸ் டன்லப்."

இரண்டு பேருமே ஒன்றாம் வகுப்பு ஆசிரியைகள் அல்லவா? வெர்னெட்டா விறுவிறுவென்று ஒன்றாம் வகுப்புக்கு நடந்தாள். அங்கே கால்பந்துப் பயிற்சியாளர் கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருக்க, டிவியில் கார்ட்டூன் ஓடியது. முன்வரிசைச் சிறுமியிடம் அதே புத்தகத்தைக் கொடுத்தாள். அந்தக் குழந்தை படத்தைப் பார்த்து ஒரு கதையைத் தானாகவே சொல்லிவிட்டு, "சரியா?" என்று சிரித்தது. வெர்னெட்டா புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினாள்.

தலைமையாசிரியர் பெட்டிகுரூ தன் அறையில் நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல டீச்சருங்களையெல்லாம் மூணாவதுக்கு அள்ளிட்டுப் போயிட்டீங்களா, மிஸ்டர் பெட்டிகுரூ?"

"அங்கதானே அரசாங்கப் பரீட்சை, டாக்டர். ஒண்ணாவதை யாரு கேக்கறா? மாத்தின உத்தரவுல உங்க கையெழுத்துதான் இருக்கு."

அவளுக்கு நினைவு வந்தது. படிக்காமலேயே போட்ட கையெழுத்து.

"இந்தப் பிள்ளைங்க மூணாவது வரும்போது?"

"நான் ரிட்டயர் ஆயிருப்பேன். நீங்க பெரிய ஊர்ல இருப்பீங்க. முழிக்காதீங்க டாக்டர், ரெண்டு வாரமா சர்ச்சுல இதே பேச்சுத்தான். உங்க நாற்காலியில மூணு வருஷத்துக்கு மேல யாரு உக்காந்திருக்கா, சொல்லுங்க?"

அந்த வேலை அவளுக்கு வேண்டும். அங்கே வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள். மேசையிலிருந்த தாளை இழுத்து எழுதினாள்: காட்லினும் டன்லப்பும் இன்றே ஒன்றாம் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

"ஏப்ரல் பரீட்சையில மூணாவதோட மார்க் சரிஞ்சுடும், டாக்டர்."

"தெரியும். வியாழக்கிழமை கேட்டாங்கன்னா அதையும் சொல்லத்தான் போறேன்."

பெட்டிகுரூ தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெசத்தைச் சொல்லுங்க. அந்த ஊர்க்காரங்க உங்களை வேண்டாம்னுட்டாங்களா?"

"இன்னும் இன்டர்வியூவே நடக்கல."

அவர் நம்பவில்லை. இதில் என்ன சூது இருக்கிறது என்று அவள் முகத்திலேயே துழாவினார். பிறகு தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும், டாக்டர். உங்களுக்கு வேலை கிடைச்சிருச்சுன்னா கிழிச்சுப் போட்டுடலாம்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே உதவுவதாகத்தான் நினைத்தார். வெர்னெட்டாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவங்க ரெண்டு பேரையும் இப்பவே கூப்பிடுங்க," என்றாள். "வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."