நஷ்டப் பக்கம்

"விவசாயிங்க வருஷத்துக்கு எவ்வளவு வருமான வரி கட்றாங்க, சொல்லுங்க பார்ப்போம்?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் கீப்பர் கேட்டு வைத்தார். கேட்டிருக்கக் கூடாது. அதுவும் அவளிடம், அதுவும் போனஸ் வந்த மாதத்தில்.

அவளுக்கு அந்த பிஸ்கட் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. நானூற்று இருபது பேருக்கு மாதா மாதம் சம்பளம் போட்டு, வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். அதனால் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கத்திரிக்கோல். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் கடந்து போகும்போது பாக்கிங் பெண்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலை விரித்து மூடிக் காட்டுவது அவளுக்குத் தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், அவளுடைய சம்பளச் சீட்டையும் அவளேதான் போட வேண்டும். தன் கையாலேயே தன் மடியை அறுத்துக்கொள்கிற உத்தியோகம் வேறு எங்காவது உண்டா?

"வரி அவங்களுக்கும் உண்டுதான். ஆனா கட்றது சைபர்," என்றாள். "என் தங்கச்சிக்கு நான்தானே எழுதித் தரேன். பதினெட்டு வருஷமா சைபர். கையே வலிக்காது, அவ்வளவு சுலபம்."

"அடடா! அப்ப நாமளும் எதையாவது விதைச்சிருக்கலாம் போல," என்று ஸ்டோர் கீப்பர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டிபன் டப்பாவைப் பட்டென்று மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் வீட்டுக் குளியலறைக் கூரை இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மேல் வீட்டுக்காரன் குளித்தால் கீழே இவளும் குளித்த மாதிரிதான். போனஸ் வந்ததும் அதைச் சரிபண்ணுவதாக இருந்தாள். போனஸும் வந்தது. அதில் வரி போக மிஞ்சியதை வைத்துக் கூரையைச் சரிபண்ண முடியாது. ஒழுகுகிற இடத்தில் வைக்க வேண்டுமானால் பெரிய வாளியாகப் பார்த்து ஒன்று வாங்கலாம். "வாளியே வாங்கிடு," என்றார் கணவர், பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல். அவருக்கு எப்போதும் எல்லாமே தமாஷ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தானா தங்கச்சி புது வானில் வந்து இறங்க வேண்டும்!

வெள்ளை வான். பின்னால் இருபது கூடை அடுக்கலாம். தெருவில் இருந்த நாலு வீட்டுக்காரர்களும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சின்னவள் சேறு படிந்த பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு மூட்டை கேரட்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கூடவே அந்தப் பை. ஒரு வருடத்து ரசீது, பில், சீட்டு எல்லாம் திணித்த பழைய உரப் பை.

"அக்கா, வான் எப்படி? தவணையிலதான். கூலிக்கு வண்டி பிடிச்சுக் கட்டுப்படி ஆகலை."

"நல்லா இருக்கு," என்றாள் பெரியவள்.

அவளை யாரும் ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா போனபோது நிலத்தைப் பிரித்தார்கள். "மண்ணைக் கிளறி என்னால ஆகாது, எனக்குப் பணமா கொடுத்துடு," என்று கேட்டு வாங்கிக்கொண்டவள் இவள். அந்தப் பணத்தில்தான் இந்த வீடு. சின்னவள் கடன் வாங்கிக் கொடுத்தாள், கடைசிக் காசு வரைக்கும் கொடுத்தாள். குறை சொல்ல ஓர் ஆள் இருந்தாலாவது மனசு ஆறும். ஆளும் இல்லை. வெறும் வயிற்றெரிச்சல் மட்டும் இருந்தது, கூரை மாதிரியே சொட்டுச் சொட்டாக.

சின்னவள் டீயைக் குடித்துவிட்டு வெறும் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்க போடணும் கையெழுத்து?"

"நான் எழுதி முடிச்சதும் படிச்சுப் பார்த்துட்டுப் போடேன்டி. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"நீ எழுதினது தப்பாவா இருக்கும்? எனக்கு இதைப் பார்த்தாலே தலை சுத்துது. சாயங்காலம் தண்ணி திருப்பணும், நான் வரேன்." ஏழு பக்கத்திலும் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போயே போய்விட்டாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

பெரியவள் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பிரித்து அடுக்கினாள். இந்த வருடம் வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்திருந்தது. கேரட்டும் பரவாயில்லை. செலவெல்லாம் கழித்த பிறகும் கணிசமாக நின்றது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வருடச் சம்பளத்தைவிட அது கொஞ்சம் அதிகம். கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் போதாதா?

இதற்கும் வரி வராது. ஏனென்றால் விவசாயிகள் படிவத்தில் ஆறாவது பக்கம் என்று ஒன்று இருக்கிறது. போன வருடத்து நஷ்டத்தை இந்த வருடத்து லாபத்தில் கழித்துக்கொள்வதற்கான பக்கம். போன வருடம் ஆலங்கட்டி மழை. ஒரு மணி நேரம்தான் பெய்தது. வெங்காயத் தாள் அத்தனையும் தரையோடு தரையாகப் போனது. இதே மேசையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து சின்னவள் அழுதாள். அந்த நஷ்டத்தைப் போன வருடத்துப் படிவத்தில் எழுதியவளே இவள்தான். இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் தங்கச்சி கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பது இவளைவிட யாருக்குத் தெரியும்?

தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

'எனக்கு நஷ்டப் பக்கம் எங்கே?' என்று நினைத்தாள். 'எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் சம்பளம் போச்சே, அதை யார் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள்? ஒரே ஒரு தடவை. இவளும் ஒரே ஒரு தடவை கட்டிப் பார்க்கட்டும். வரி என்றால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.'

ஆறாவது பக்கத்தை மட்டும் உருவி எடுத்தாள். நாலாய் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். மற்ற ஆறு பக்கத்தையும் அழகாக எழுதி, மறுநாள் வரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கம் இல்லையென்றால் நஷ்டம் இல்லை என்று அர்த்தம். அங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வரி கட்ட வருகிறவளை யார் தடுப்பார்கள்?

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. பெரியவள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் எடுத்தாள். அழுவாள், கத்துவாள், எப்படி என்று கேட்பாள். பதிலெல்லாம் தயாராக இருந்தது.

"அக்கா! எனக்கு வரி வந்திருக்கு!" என்றாள் சின்னவள், பரிசு விழுந்தவள் மாதிரி. "கட்டிட்டேன். கூட்டுறவுல கடன் வாங்கிக் கட்டினேன். ரசீதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன்."

"சந்தோஷமாவா இருக்கு உனக்கு?"

"பின்ன? இத்தனை வருஷமா பேங்க்ல போய் நின்னா, வருமானமே இல்லைன்னு உங்க காகிதம் சொல்லுதே, உங்களை நம்பி எப்படிக் கடன் கொடுக்கறதுன்னு துரத்தி விடுவாங்க. உன் சம்பளச் சீட்டைப் பார்த்து எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? ஒரு துண்டுக் காகிதம், அதைக் காட்டினா எல்லாக் கதவும் திறக்குது. இப்ப எனக்கும் ஒண்ணு கிடைச்சிடுச்சு. பக்கத்து நிலம் விலைக்கு வருதுக்கா. கிணத்தோட நாலு ஏக்கர். பேங்க்ல சரின்னுட்டாங்க!"

பெரியவள் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். இது என்னடா அநியாயம்! வரி கட்ட வைத்தால் அழுவாள் என்று பார்த்தால் நிலம் வாங்குகிறாள். அன்று முழுக்க நானூற்று இருபது பேருடைய சம்பளச் சீட்டில் மூன்று இடத்தில் தப்பு விட்டாள். கத்திரிக்கோலுக்கு என்ன ஆயிற்று என்று கம்பெனியே பேசிக்கொண்டது.

அடுத்த வாரம் சின்னவள் மறுபடி கூப்பிட்டாள். "அக்கா, ஒரு கையெழுத்து வேணும். ஜாமீனுக்கு மாசச் சம்பளக்காரங்க ஒருத்தர் வேணுமாம். உன்னை விட்டா எனக்கு யாரு?"

வங்கியில் கடன் பிரிவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு கட்டுக் காகிதம். சின்னவள் இருப்பதிலேயே நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்தி, விரல் நகங்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். நகக்கண்ணில் மண் அப்படியும் போகவில்லை.

"அடமானம் உங்க இப்ப இருக்கற நிலம்," என்றார் அந்த அம்மாள். "மூணு தவணை தவறினா ஏலத்துக்குப் போகும். சும்மா சொல்லி வைக்கறேன், உங்க வருமானத்துக்கு அந்த நிலை வராது." பிறகு பெரியவள் பக்கம் திரும்பினார். "இந்தக் கணக்கை எழுதினது நீங்கதானா? நல்லா சுத்தமா இருக்கு. போன வருஷம் அந்தப் பக்கமெல்லாம் ஆலங்கட்டி மழைன்னு கேள்விப்பட்டோம். இவங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லைதானே?"

சின்னவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அக்கா பதில் சொல்லிக்கொள்வாள் என்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் கையில் பேனா இருந்தது. மனசுக்குள் கணக்கு ஓடியது. அவளுக்கு அது ஒன்றுதானே வரும். மாதத் தவணை இவ்வளவு. நல்ல வருடத்தில் கட்டிவிடலாம். இன்னொரு ஆலங்கட்டி மழை வந்தால், ஒரே ஒரு மணி நேரம் பெய்தால், புது நிலமும் போகும், அப்பாவுடைய நிலமும் போகும், பாக்கிக்கு இவள் சம்பளத்திலும் கை வைப்பார்கள். தங்கச்சிக்காகப் பயந்தாளா, சம்பளத்துக்காகப் பயந்தாளா? அவளையே கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"நஷ்டம் இருந்தது," என்றாள். "நஷ்டப் பக்கத்தை நான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்கன்னா? மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. வேணும்னேதான் எடுத்தேன்."

சின்னவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "எதுக்குக்கா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உன் நன்மைக்குத்தான், கடன் கிடைக்கட்டும் என்றுதான் என்று சொன்னால்கூடத் தங்கச்சி நம்பியிருப்பாள். அவ்வளவு நம்பினாள் என்பதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை.

"பொறாமை," என்றாள். "நீ ஒரு தடவையாவது வரி கட்டணும்னு தோணிச்சு. உன் வானைப் பார்த்தேன். உன் சைபரைப் பார்த்தேன். வயிறு எரிஞ்சுது."

கடன் பிரிவு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சின்னவள் மெதுவாக, "போன வருஷம் நான் அழுதப்ப பக்கத்துல இருந்தது நீதானே," என்றாள். அவ்வளவுதான். எழுந்து காகிதங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

பெரியவள் பின்னாலேயே ஓடினாள். வெளியே வெயில் கொளுத்தியது. "ஏய், நில்லுடி! திருத்திக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. அந்தப் பக்கத்தைச் சேர்த்துட்டா கட்டின பணமும் திரும்பி வந்துடும். இன்னிக்கே எழுதித் தரேன்."

"வேண்டாம்."

"திட்டறதுன்னா திட்டிடு. நாலு பேர் பார்க்க திட்டு."

"திட்ட எல்லாம் இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கொடு."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மடிப்பில் லேசாகக் கிழிந்திருந்தது. சின்னவள் அதைப் பிரித்துப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"வெளி ஆள்கிட்ட போனா பீஸ் கேப்பாங்க," என்றாள் பெரியவள். அழுகை முட்டிக்கொண்டு வரும்போது அவளுக்குச் சொல்லக் கிடைத்தது அதுதான்.

"கேக்கட்டும், கொடுத்துட்டுப் போறேன்," என்று சின்னவள் வானில் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. இவள் கூப்பிட்டால், "தோட்டத்துல இருக்கேன்," என்ற இரண்டு வார்த்தையோடு முடிந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏதோ தெரிந்தவர்களிடம் பேசுவது போலத்தான் பேசினாள்.

பதினோராம் நாள் பெரியவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வரி அலுவலகத் தெருவுக்குப் போனாள். எதற்குப் போனாள்? சும்மாதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்தத் தெரு முழுக்கப் படிவம் எழுதித் தருகிற கடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன். ஐந்தாவது கடைக்கு வெளியே வெள்ளை வான் நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தாள். உள்ளே ஒரு வழுக்கைத் தலைக்காரர் திருத்திய படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் வாசிக்க வாசிக்க வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டே போனாள். நடுவில் நிறுத்திக் கேட்டாள், அவர் விளக்கினார். மறுபடி கேட்டாள். பதினெட்டு வருடத்தில் ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காதவள், அந்த முன்பின் தெரியாத மனுஷர் எழுதியதை ஒரு புள்ளி விடாமல் படித்தாள். கடைசியில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவர் ஏதோ சொன்னார், சின்னவள் சிரித்தாள்.

புது வானுக்கும் நாலு ஏக்கருக்கும் அத்தனை வருடத்துச் சைபருக்கும் எரிந்த வயிறு, அந்த வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்து எரிந்த மாதிரி ஒருநாளும் எரிந்ததில்லை.