மிஸ்டர் பெல்லமிக்கு ஓர் உத்தரவு

என் மனைவி டாம்சின் இறந்த பிறகு வேலை நாட்கள் எனக்குப் பிரச்சினையாக இல்லை. அவசரப் பிரிவில் நர்ஸ் நான். யாராவது ரத்தத்தோடு வந்து நாளை நிரப்பிவிடுவார்கள். ஷிஃப்ட் இல்லாத சனி ஞாயிறுகளைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ராணுவத்தின் ரிசர்வ் படைக்கு நர்ஸ் அதிகாரிகள் தேவை, வார இறுதிகளில் வந்தால் போதும் என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. அந்த நாட்களை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விண்ணப்பித்தேன்.

ஓட்டத்தில் தேறினேன். நேர்முகத்தில் தேறினேன். அதிகாரிப் பயிற்சி மட்டும் மிச்சம். அதில் ஆளுக்கு இரண்டு முறை குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டும். இரண்டிலும் சொதப்பினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "வீட்டுக்கு" என்று பயிற்சி தரும் சார்ஜன்ட் ஆக்ராய்டு சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆக்ராய்டு மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் யார்க்‌ஷயர்க்காரர். நாங்கள் நாளைய அதிகாரிகள் என்பதால் எங்களைத் திட்டும்போதும் அவர் மரியாதை தவறக் கூடாது. தவறவும் மாட்டார்.

"சார், உங்க பூட்ஸ ஒரு பசுமாடு நக்கி விட்டிருந்தாக்கூட இதைவிடப் பளபளன்னு இருந்திருக்கும், சார்."

"ரொம்ப நன்றி, சார்ஜன்ட்" என்பார் பாதிரியார் குத்பர்ட். ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் சொல்வார்.

எங்கள் குழுவில் நான்கு பேர். படைக்குப் பாதிரியாராக வந்த குத்பர்ட். மனநல வார்டு நர்ஸ் லவ்டே, நாற்பதைத் தாண்டியவள். நான். நான்காவது ஆள் மிஸ்டர் பெல்லமி, எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை சர்ஜன்.

எங்கள் நாட்டில் சர்ஜனை டாக்டர் என்று கூப்பிட்டுவிடக் கூடாது. மிஸ்டர்தான். அந்த மிஸ்டருக்காக அவர்கள் பாதி இளமையைக் கொடுத்திருப்பார்கள். ஆக்ராய்டு முதல் நாள் காலையிலேயே எல்லா ஆண்களையும் மிஸ்டர் ஆக்கிவிட்டார். பெல்லமி அந்த அதிர்ச்சியிலிருந்து தேறவே இல்லை. அதற்குப் பழி வாங்குவதுபோல எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்டால் திருத்துவார். தேநீர் போட்டால் திருத்துவார். குத்பர்ட் ஜெபம் சொன்னால்கூட, "'பரலோகத்திலே'ங்கிற இடத்துல கொஞ்சம் மூச்சு விடுங்க, ஃபாதர். அவசரப்படுறீங்க" என்பார்.

என் முதல் வாய்ப்பு ஒரு பள்ளத்தின் முன்னால் வந்தது. இரண்டு பலகை, ஒரு பீப்பாய், கயிறு. ஸ்ட்ரெச்சரில் மணல் மூட்டை. மூட்டைக்கு 'கர்னல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காயம்பட்ட கர்னலை அக்கரை சேர்க்க வேண்டும்.

சர்ஜன்களிடம் வேலை வாங்குவது நர்ஸ்களுக்குப் புதிதல்ல. உத்தரவு போடக் கூடாது. நமக்கு வேண்டியதை அவர் வாயிலிருந்து வரவைக்க வேண்டும். வார்டில் தினமும் செய்வதுதான்.

"மிஸ்டர் பெல்லமி, நீளப் பலகைய முதல்ல போடணும்னு காலையில சொன்னீங்களே..."

அவர் சொல்லவில்லை.

"சொன்னேன்ல? அப்புறம் என்ன வேடிக்கை? ஃபாதர், பலகையைப் பிடிங்க! லவ்டே, கயிறு!"

எல்லாக் குழுக்களுக்கும் முன்னால் நாங்கள் அக்கரையில் இருந்தோம். ஆக்ராய்டு மெதுவாக நடந்து வந்தார்.

"பிரமாதம், மிஸ்டர் பாஸ்கோ சார். ஒரே ஒரு சந்தேகம். தலைவர் யாரு சார்?"

"நான்தான், சார்ஜன்ட்."

"அப்படியா சார்? எனக்கு மிஸ்டர் பெல்லமி குரல்தான் கேட்டுது. நீங்க பக்கத்துல ஹோட்டல் சர்வர் மாதிரி, 'இன்னும் கொஞ்சம் சாஸ் வேணுமா'ன்னு நின்னுட்டிருந்தீங்க."

"வேலை நடந்துச்சே, சார்ஜன்ட்."

"நடந்துச்சு சார். மார்க்கும் அப்படியே நடந்து மிஸ்டர் பெல்லமிகிட்ட போயிடுச்சு சார்."

பெல்லமி என் தோளைத் தட்டினார். "தலைமைக் குணமெல்லாம் கூடவே பிறக்கணும், பாஸ்கோ. மனசுல வச்சுக்காத."

அன்று மாலை பூட்ஸுக்குப் பாலிஷ் போடும்போது லவ்டே எனக்குப் பாடம் எடுத்தாள்.

"என்னைய உட்காரச் சொல்லு பாப்போம்."

"லவ்டே, உங்களுக்குச் சௌகரியப்பட்டா கொஞ்சம் உட்காரலாமா?"

"உத்தரவு போடுடான்னா டீ பார்ட்டிக்குக் கூப்பிடுறியே!"

"பழக்கம். நோயாளியத் தொடுறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும்ல?"

"பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தானா?"

"கல்யாணத்துக்குக் கேட்டப்பவே, 'உனக்கு ஆட்சேபனை இல்லேன்னா'ன்னுதான் ஆரம்பிச்சேன்."

"அவ என்ன சொன்னா?"

"முழுசாக் கேளு, அப்புறம் யோசிக்கிறேன்னா."

லவ்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு அவளப் பிடிச்சிருக்கு. ஏன் ஒரு நாள்கூட அவகிட்டேருந்து போன் வரல?"

"போன மார்ச்சுல செத்துப் போயிட்டா."

அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை. தன் இடது பூட்ஸை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"சரி. இதுக்கு உத்தரவு போடு."

"பூட்ஸே, தயவுசெய்து..."

"அடக் கடவுளே" என்றாள் லவ்டே.

இரண்டாவது வாய்ப்பு டார்ட்மூர் மேட்டுநிலத்தில். மழை. கர்னலைச் சுமந்துகொண்டு புல்வெளியைக் கடந்து, மேட்டுக்கு அப்பால் இருக்கும் சாலையில் லாரி கிளம்புவதற்குள் சேர்க்க வேண்டும். லாரி போய்விட்டால் நானும் போய்விட வேண்டியதுதான். ஆக்ராய்டு வாய் திறக்காமல் பின்னால் வந்தார். தேர்வு நடக்கும்போது அவர் இல்லாத ஆள். இல்லாத ஆளின் கையில் ஒரு ஃப்ளாஸ்க் இருந்தது.

ஓடையைக் கடக்கும்போது பெல்லமி வழுக்கி மார்பளவு நீரில் விழுந்தார். நாங்கள் கை கொடுப்பதற்குள் அவரே எழுந்து, ஓடை தவறான இடத்தில் ஓடுவதாகச் சொன்னார். நடந்தோம். நேரம் கையில் இருந்தது. நான் என் பழைய வேலையைத் தொடங்கினேன்.

"மிஸ்டர் பெல்லமி, நீங்க நினைக்கிற மாதிரி இடது பக்கமாப் போயிடலாமா?"

பதில் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

குத்பர்ட் ஸ்ட்ரெச்சர் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஷூ லேஸ் கட்டுவதுபோல ஒரு முடிச்சு. பெல்லமி அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குத்பர்ட் திசைகாட்டியைத் தலைகீழாகப் பிடித்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"ரொம்ப நனைஞ்சுட்டீங்களா, டாக்டர் பெல்லமி?" என்றார் குத்பர்ட்.

பெல்லமி தலையை மட்டும் ஆட்டினார்.

டாக்டர் என்று கூப்பிட்டும் அவர் முகம் சுருங்கவில்லை. நான் அவர் கையைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடிக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு நடுக்கத்தை நிறுத்தியிருந்தது. குளிர் உள்ளே போய்விட்டது. நடுக்கம் இப்படி நிற்பது தேறுவதற்கு அல்ல, உயிர் போவதற்கு அடையாளம்.

மேடு எதிரில் தெரிந்தது. அதற்கு அப்பால் லாரி.

"நில்லுங்க! ஸ்ட்ரெச்சரக் கீழ வையுங்க. கர்னலத் தூக்கி வெளிய போடுங்க. லவ்டே, கூடாரத் துணிய விரிங்க. ஃபாதர், ஸ்லீப்பிங் பேக்க எடுங்க. மிஸ்டர் பெல்லமி, உட்காருங்க."

"எனக்கு ஒண்ணும்... நான்... சர்ஜன்..."

"வாயை மூடிட்டு உட்காரு!"

சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மட்டக் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. பெல்லமி உட்கார்ந்தார்.

"ஈரத் துணியெல்லாம் கழட்டுங்க. ஃபாதர், நீங்களும் கழட்டிட்டு அவர்கூடப் பைக்குள்ள போங்க."

"நானா? அவரோடயா?"

"உங்க உடம்பு சூடு வேணும். போங்க!"

"ஆண்டவரே" என்று குத்பர்ட் சட்டையைக் கழற்றினார்.

நான் திரும்பினேன். "சார்ஜன்ட், ஃப்ளாஸ்க்கக் கொடுங்க."

"நான் இங்க இல்ல சார்."

"இல்லாத ஆளுக்கு எதுக்கு டீ? கொடுங்க. ரேடியோவுல வண்டிய இங்க வரச் சொல்லுங்க. இது பயிற்சி இல்லைன்னு சொல்லுங்க."

ஃப்ளாஸ்க் என் கைக்கு வந்தது. "எஸ் சார்" என்றார் ஆக்ராய்டு. அந்த 'சாரில்' பசுமாடு எதுவும் இல்லை.

கூடாரத் துணிக்குள் நால்வரும் ஒடுங்கிக் கிடந்தோம். பெல்லமி விழுங்குகிறார் என்று உறுதி செய்துகொண்டு சர்க்கரை நிறையப் போட்டிருந்த தேநீரை மிடறு மிடறாகப் புகட்டினேன். கூச்சத்தை மறக்க குத்பர்ட் பைக்குள்ளிருந்து ஒரு தேவாலயப் பாட்டை எடுத்துவிட்டார். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது போயிற்று. பெல்லமிக்கு மறுபடி நடுக்கம் வந்தது. பல்லெல்லாம் தந்தியடித்தது. மூன்றாவது சரணத்தின் நடுவில் பெல்லமியின் குரல் கேட்டது.

"சு... சுருதி இறங்குது, ஃபாதர்."

"பொழச்சுட்டான் மனுஷன்!" என்று லவ்டே என் முதுகில் ஓங்கி அடித்தாள்.

வண்டி வந்தது. மருத்துவர் வந்து பார்த்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றச் சொன்னார். கர்னல் மழையில் கிடந்தார். மட்டக் குதிரை அவரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை ஆக்ராய்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பையைக் கட்டி வைத்திருந்தேன்.

"மிஸ்டர் பாஸ்கோ சார். லாரி உங்க கண்ணுல படவே இல்ல. ஒரு கர்னல நடுக்காட்டுல தூக்கி எறிஞ்சீங்க. ஒரு பெரிய சர்ஜன வாயை மூடுன்னீங்க. ஒரு பாதிரியார அம்மணமாக்குனீங்க. எல்லாத்துக்கும் மேல என் டீய பிடுங்கிக்கிட்டீங்க."

"ஆமா, சார்ஜன்ட்."

"தலைவர் யாருன்னு இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் வரல சார்." கொஞ்சம் நிறுத்தினார். "பையைப் பிரிங்க சார். அதைக் கட்டியிருக்கிற லட்சணம் சகிக்கல."

பெல்லமி மருத்துவ அறையில் கம்பளிக்குள் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முள்கரண்டியைத் தூக்கினார்.

"பாஸ்கோ, யாராவது நனைஞ்சா உடனே நிறுத்திடணும்னு நான்தான உன்கிட்டச் சொன்னேன்?"

வாய் பழக்கத்தில் 'ஆமா' என்று திறந்தது.

"இல்ல, மிஸ்டர் பெல்லமி. நீங்க சொல்லல."

அவர் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி. சொல்லியிருப்பேன்" என்றார்.

பயிற்சி முடிந்து, தோளில் புது நட்சத்திரங்களோடு வீட்டுக்கு வந்தேன். கதவுக்குப் பின்னால் டாம்சினின் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இதில் அவள் எதைப் பார்த்துச் சிரித்திருப்பாள் என்று யோசித்தேன். அம்மணப் பாதிரியாராகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒன்றும் இல்லை. அலமாரியில் பீன்ஸ் டின் ஒன்று இருந்தது. வழக்கமாக அதைப் பார்த்துவிட்டு அலமாரியை மூடிவிடுவேன்.

"டின்னத் திற" என்றேன், சத்தமாக. திறந்தேன்.

"ரொட்டியச் சுடு." சுட்டேன்.

"உட்கார்ந்து சாப்பிடு."

சாப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை படைமுகாமில் இருக்க வேண்டும். பூட்ஸை எடுத்து மேசை மேல் வைத்துப் பாலிஷ் டப்பாவைத் தேடினேன்.